சுட்டிக்கு ஏழாம் மாசம்

காய்ச்சலெல்லாம் இல்ல அம்மிணி. கை நடுங்குதுன்னுதானே கேக்கற? நடுங்கத்தான் நடுங்குது. ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டேண்டுல ஏறுனதுல இருந்து நடுங்குது. நீ எங்க எறங்கற? தாராபுரமா? நானும் தாராபுரந்தான். அங்கிருந்து டவுன் பஸ் புடிச்சு எங்கூருக்குப் போகோணும். சின்னக்காட்டுவலசு. நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட. நாப்பது வீடு, நூறு மாடு, அவ்வளவுதான் ஊரு.

உங்கூட்டுல மாடு உண்டா? இல்லையா? அப்பச் சரி. மாடு வெச்சிருக்கறவங்ககிட்ட இதைச் சொல்ல முடியாது. காறித் துப்பிருவாங்க.

எங்ககிட்ட ஒரு சிந்து மாடு இருந்துச்சு. சீமை மாடும் நாட்டு மாடும் கலந்த கலப்பு. நெத்தியில வெள்ளையா ஒரு பொட்டு, அதனால சுட்டின்னு பேரு. மொத ஈத்துல ஒரு கொறையும் இல்ல. கெடேரிக் கன்னு போட்டுச்சு, பால் நின்னு கறந்துச்சு. ரெண்டாவது ஈத்துக்குத்தான் கெரகம் புடிச்சுது. பருவத்துக்கு வரும், கட்டுத்தரையே அதுர்ற மாதிரி கத்தும், சினை ஊசி போடுவோம். இருபத்தியோரு நாள் கழிச்சு மறுபடியும் கத்தும். மறுபடியும் ஊசி. மறுபடியும் கத்தல். ஊசி போடறவரு, "கலப்பு மாடுன்னா இப்படித்தானுங்க. பாலைக் குடுக்கும், கன்னுக்குத்தான் தண்ணி காட்டும்"னு சொல்லிட்டுப் போயிருவாரு. அஞ்சாவது ஊசிக்குத்தான் செனை நின்னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு.

போன தை மாசம். பொங்க நோம்பி முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். நடுமத்தியானம். எங்கூட்டுக்காரரு தோட்டத்துல மடை மாத்திக்கிட்டிருந்தாரு. பையன் தினகரன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை, வாரத்துக்கு ஒருக்காத்தான் வருவான். வீட்டுல நானும் மருமக மோகனாவும் மட்டும். கட்டுத்தரையில தொப்புனு ஏதோ விழுந்த சத்தம். ஓடிப் போயிப் பாத்தா, சுட்டி நின்ன வாக்குலயே கன்னைத் தள்ளிட்டு நிக்குது. ஏழு மாசக் கன்னு. அப்பத்தான் முடி மொளைக்கத் தொடங்கியிருக்குது. உசுரு இல்ல. கன்னு வீசிருச்சுன்னு சொல்லுவோம் எங்க பக்கம்.

நஞ்சு, அதான் கன்னுக்குப் பின்னாடி வர்ற நஞ்சுக்கொடி, விழல. மறுநாளும் விழல. வாலுக்குக் கீழ தொங்கிக்கிட்டு நிக்குது, நாத்தம் வாசல் வரைக்கும் வருது. ஊசி போடறவரைக் கூப்பிட்டா வெளியூர்ல இருக்கறேங்கறாரு. மாட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல. நம்ம மாடு கன்னு வீசுச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சா சொசைட்டியில நம்ம பாலை ஒதுக்கி வெச்சுருவாங்களோன்னு ஒரு பயம். நான் பொய் சொல்லல அம்மிணி. சொல்லாம விட்டேன். ரெண்டும் ஒண்ணாகுமா?

நானே கையைப் போட்டேன். முழங்கை வரைக்கும். மோகனாவை வாலைப் புடிச்சுக்கச் சொன்னேன். வழிஞ்சதெல்லாம் அவ நைட்டியில பட்டுச்சு, கையில பட்டுச்சு. "அத்தை, குமட்டுதுங்க அத்தை"ன்னா. "மாடு வெச்சிருக்கற வீட்டுக்கு வந்துட்டுக் குமட்டுதுன்னா எப்படி? ஒழுங்காப் புடி"ன்னு ஒரு சத்தம் போட்டேன். அவ கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. அதட்டுனாத்தான் வேலை நடக்கும்.

ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அவளுக்குக் குமட்டுனது மாட்டுனால மட்டும் இல்லைன்னு. கண்ணாலமாகி மூணு வருசம் கழிச்சு வந்த கரு.

அதோட போச்சுன்னு நெனைச்சேன். போகல. பங்குனியில சுட்டி பருவத்துக்கு வந்துச்சு, ஊசி போட்டோம், நிக்கல. சித்திரையில போட்டோம், நிக்கல. எனக்கு வேற பொழுது சாஞ்சாக் காய்ச்சல் மாதிரி வரும், வேர்த்துக் கொட்டும், இடுப்பு கழண்டு போற மாதிரி இருக்கும். வெயிலுன்னு விட்டுட்டேன். வைகாசியில டாக்டரம்மா ஊருக்கு முகாம் போட வந்தாங்க. சின்ன வயசுதான், ஆனா ஒரு பார்வை பாத்தா நமக்குள்ள இருக்கறதெல்லாம் வெளிய வந்துரும். கையுறை மாட்டிச் சுட்டியப் பாத்துட்டுக் கேட்டாங்க.

"ஏம்மா, முன்னாடி எப்பவாச்சும் கன்னு வீசுச்சா?"

"இல்லீங்க."

"நஞ்சு தங்குச்சா?"

"இல்லீங்க."

என் மூஞ்சியவே பாத்தாங்க. பொறவு சினை ஊசியப் போட்டுட்டு, சுட்டி கழுத்துல இருந்து ரத்தமும் எடுத்துக்கிட்டாங்க. பத்து நாள் கழிச்சு ஸ்கூட்டர்ல வீட்டுக்கே வந்துட்டாங்க. முகாமுக்கு வர்ற டாக்டரு வீட்டுக்கு வந்து நான் பாத்ததில்ல.

"கன்னு வீச்சு நோய் இருக்குதும்மா உங்க மாட்டுக்கு. இது மாட்டுல இருந்து மாட்டுக்குப் பரவும். மனுசங்களுக்கும் வரும். வீசவே இல்லைன்னு சொன்னீங்க. இப்பவாவது சொல்லுங்க, வீசுன கன்னை, நஞ்சை யாரெல்லாம் தொட்டீங்க?"

"நான் மட்டுந்தானுங்க."

"வேற யாரும் இல்லையா?"

மோகனா கதவுக்குப் பின்னாடி நிக்கறா. வளையல் சத்தம் கேக்குது எனக்கு. அஞ்சு மாசம் முடியப் போகுது அவளுக்கு.

"வேற யாரும் இல்லீங்க."

"வீட்டுல மாசமா யாராச்சும் இருந்தாச் சொல்லிருங்கம்மா. ஒடனே ரத்தம் பாக்கோணும். கருவே கலைஞ்சு போகும் சில பேருக்கு."

"யாரும் இல்லீங்க."

எப்படி அம்மிணி வந்துச்சு அந்த வார்த்தை எனக்கு? இன்னைக்கு வரைக்கும் தெரியல. பயம். வேற என்ன? அவ வாலைப் புடிச்சது நான் சொல்லித்தானே. அவங்கம்மா வீட்டுக்குத் தெரிஞ்சா என்னைக் கிழிச்சுருவாங்க. எம்பையன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? டாக்டரம்மா என்னென்னமோ சொன்னாங்க. மாட்டுக்கு இதுக்கு மருந்து கெடையாது. விக்கக் கூடாது. பாலை நல்லாக் காய்ச்சாமக் குடிக்கக் கூடாது. மறுபடி வீசாம நல்லாவே கன்னு போட்டாலும் போடும், ஆனா அந்தத் தண்ணியிலயும் நஞ்சுலயும் நோய் இருக்கும், கையுறை இல்லாமத் தொடவே கூடாது. எல்லாத்துக்கும் தலையாட்டுனேன். ஒண்ணும் காதுல ஏறல. வளையல் சத்தம் மட்டுந்தான் ஏறுச்சு.

ஒம்போது நாள். அந்த ஒம்போது நாளை எப்படிச் சொல்றதுன்னே தெரியல. மோகனா நடந்தா நான் காலைப் பாப்பேன். பாத்ரூம் போனா வெளிய நிப்பேன். சித்த நேரமாச்சுன்னா "அம்மிணி, என்ன பண்ற"ம்பேன். அவ தொவைக்கப் போட்ட துணிய அவளுக்கு முன்னாடி எடுத்துப் பிரிச்சுப் பாப்பேன், ரத்தக்கறை ஏதாச்சும் இருக்குதான்னு. அந்த நைட்டியத் தேடி எடுத்து அடுப்புல போட்டேன். பாலை அடி புடிக்கற வரைக்கும் காய்ச்சுனேன். "ஏனுங்க அத்தை, பாலு கருகுது"ன்னா. "கருகட்டும்"ன்னேன்.

ஒம்போதாவது நாள் வந்து, "அத்தை, இடுப்பு வலிக்குது"ன்னா.

நான் நின்ன எடத்துலயே உக்காந்துட்டேன். அவதான் தண்ணி கொண்டாந்து குடுத்தா. குடுத்துட்டு என் பக்கத்துலயே உக்காந்து சொல்றா: "டாக்டரம்மா சொன்னதை நானும் கேட்டேனுங்க. நீங்க எங்கிட்டச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். கேக்கறதுக்கு எனக்குப் பயம். இன்னைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டு, நேத்து நானே டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்குத் தாராபுரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிருக்காங்க. உங்களுக்கும் பாக்கோணுமாம்."

நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, ஒரே அடுப்புல சோறாக்கிக்கிட்டு, ஒம்போது நாளு ஒருத்தருக்கொருத்தர் தெரியாமப் பயந்துக்கிட்டு இருந்திருக்கோம்.

ரத்தம் எடுத்தாங்க. அவளுக்கு ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு. அந்த இடுப்பு வலி சும்மா வலியாம். எனக்குத்தான் நோய் இருக்குதுன்னு வந்துச்சு. நான் சிரிச்சேன் அம்மிணி. நர்ஸம்மா, "என்னம்மா, நோய் இருக்குதுங்கறேன், சிரிக்கறீங்க"ன்னாங்க. ஆறு வாரம் மாத்திரை. சரியாயிருச்சு. பொழுதுசாயக் காய்ச்சலும் நின்னு போச்சு. புரட்டாசியில பேத்தி பொறந்தா. நல்ல கொழுகொழுன்னு.

இத்தோட கதை முடிஞ்சிருந்தா நான் எதுக்கு இந்தப் பஸ்ஸுல வர்றேன்?

டாக்டரம்மா வைகாசியில போட்ட ஊசி நின்னுருச்சு. சுட்டி செனை. ஐப்பசியில எங்கூட்டுக்காரரு சொல்றாரு, "அஞ்சு மாசச் செனை மாடு. தரகர்கிட்டச் சொல்லியிருக்கேன். சத்தமில்லாமத் தாட்டி விட்டுருவோம்"னு.

"டாக்டரம்மா விக்கக் கூடாதுன்னாங்களே."

"அப்ப நீயே வெச்சுக் கன்னை இழு. பச்சக் கொழந்தை இருக்கற வீட்டுல."

ஆம்பளை எடுத்த முடிவு. நான் ஒண்ணும் விக்கச் சொல்லல. அன்னிக்குக் காலையில சுட்டியத் தேச்சுக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் வெச்சு, நெத்திக்குக் குங்குமம் வெச்சேன். விக்கறதுக்காக இல்ல. போற உசுரை அழுக்கோடவா அனுப்பறது?

டெம்போ வந்துச்சு. வாங்க வந்த தம்பி பேரு பூபதி. ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் அத்திமரத்துப்புதூராம். முன் சீட்டுல அவம் பொண்டாட்டி. ஆம்பளைங்க மாட்டைச் சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டிருக்கறப்ப அவ எறங்கி என்கிட்ட வந்து, "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க"ன்னா. சொம்பைக் குடுத்தேன். அண்ணாந்து குடிக்கறா. சேலை வெலகுச்சு. வயித்தைப் பாத்தேன்.

"எத்தனை மாசம் அம்மிணி?"

"நாலு முடிஞ்சிருச்சுங்க. இவருகூட, நீ எதுக்கு வர்றேன்னாரு. மாட்டை நாந்தானே பாக்கப் போறேன், நானும் வந்து பாக்கறேன்னு வந்தேன்."

நாக்கு நுனியில வந்துருச்சு அம்மிணி. வெளிய எங்கூட்டுக்காரரு செருமுறது கேக்குது. உள்ள தொட்டில்ல பேத்தி அழுவுறா. "பாத்துப் போயிட்டு வாங்க"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

டெம்போ போயிருச்சு. அன்னையில இருந்து பயம் புடிச்சுது. மொதல்ல மருமகளுக்குப் பயந்தேன்ல, அது ஒம்போது நாளு. இது ரெண்டு மாசம். சுட்டிக்கு மாசம் எண்ணுவேன், அந்தப் புள்ளைக்கும் எண்ணுவேன். ரெண்டும் ஒரே கணக்குல ஓடுது. சுட்டிக்கு ஏழாம் மாசம் வரட்டும், வீசறதா இருந்தா அப்பத்தான் வீசும்னு தோணும். அவ ஒருத்தியாத்தான் கட்டுத்தரையில இருப்பா, அவதான் கையைப் போடுவான்னு தோணும். சோத்தைப் பெசைஞ்சா என் கையில அந்த நஞ்சு வழியற மாதிரி இருக்கும். எந்திரிச்சுப் போயிக் கழுவிட்டு வருவேன்.

மார்கழி பொறந்துச்சு. மோகனா கொழந்தைக்குக் காலு நீட்டி எண்ணெய் தேச்சுக்கிட்டே கேக்கறா: "சுட்டிய வாங்கிட்டுப் போனாங்களே, அந்தக்காவுக்கு விசயம் தெரியுமாங்க அத்தை?"

"தரகரு சொல்லியிருப்பாரு."

"தரகருக்குப் போன் பண்ணிக் கேட்டேனுங்க. சொல்லலையாம். அவங்க நம்பர் மாறிருச்சாம், ஆனா ஊருக்கு வழி சொன்னாரு."

காலண்டர் தாள் பின்னாடி எழுதி வெச்சிருக்கறா. எந்தப் பஸ்ஸு, எங்க எறங்கோணும், எந்த மில்லுக்கு எதுக்க ரோடு பிரியுது, எல்லாம். "நீங்க போறீங்களா, நான் கொழந்தையத் தூக்கிட்டுப் போகட்டுங்களா?"ன்னா.

நான் ஒடனே கெளம்பிட்டேன். யாரும் தள்ளிவிடல அம்மிணி, நானா முடிவு பண்ணித்தான் கெளம்புனேன். எங்கூட்டுக்காரருகிட்ட அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன்.

அந்த வீட்டுக்குப் போறப்ப உச்சி வெயில். பூபதி வேலைக்குப் போயிருந்தாரு. அந்தப் புள்ள மட்டும் கட்டுத்தரையில நிக்கறா. என்னைப் பாத்ததும் மூஞ்சியெல்லாம் சிரிப்பு. "வாங்கம்மா! சுட்டியப் பாக்க வந்தீங்களா? எவ்வளவு சமத்து தெரியுங்களா! எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாசந்தானுங்க. மாசியில ரெண்டு பிரசவம்னு இவரு கேலி பண்றாரு."

"கன்னு போடறப்ப யாரு பாப்பாங்க?"ன்னு கேட்டேன்.

"நாந்தானுங்க. எங்கம்மா வீட்டுலயே ரெண்டு கன்னு இழுத்திருக்கேன். எனக்குப் பயமெல்லாம் இல்ல." சொல்லிட்டு, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க. நேத்துல இருந்து சுட்டிக்குப் பின்னாடி வழவழன்னு ஒழுகிக்கிட்டே இருக்குது. நானும் தொடைச்சுத் தொடைச்சு விடறேன். அது எதனாலங்க?"ன்னு கேக்கறா. கேட்டுக்கிட்டே கீழ கெடந்த துணிய எடுத்துக் குனியறா.

"தொடாதே!"

எனக்கே அது என் கொரலான்னு தெரியல. கையைப் புடிச்சு இழுத்துட்டேன். அவ வெலவெலத்துப் போயி நிக்கறா. அங்கயே, சுட்டி பக்கத்துலயே நின்னு எல்லாத்தையும் சொன்னேன். தையில வீசுனது, டாக்டரம்மா சொன்னது, ஒம்போது நாள் கழிச்சு மருமகளுக்கு ரத்தம் பாத்தது, எனக்கு வந்தது, எல்லாம். அவ தொட்டிகிட்டப் போயி சோப்பை எடுத்துக் கையைக் கழுவுனா. கழுவுனா, மறுபடியும் சோப்புப் போட்டா, மறுபடியும் கழுவுனா. நான் "போதும் அம்மிணி"ன்னேன். நிறுத்தல. தோலு செவந்து போச்சு.

போன் போட்டதும் பூபதி ஓடியாந்தாரு. அடிக்க வந்தாரு, அடிக்கல. "வித்துட்டு இப்ப வந்து சொல்ற நீயெல்லாம் ஒரு பொம்பளையா"ன்னாரு. கேக்கத்தானே செய்வாரு. அந்த ஊரு மாட்டு டாக்டரை வரச் சொன்னோம். அவரு பாத்துட்டு, இன்னைக்கே தள்ளிரும் போலன்னாரு. அந்தப் புள்ளைய மாமியா வீட்டுக்கு அனுப்பிட்டு, டாக்டரு குடுத்த கையுறைய மாட்டிக்கிட்டு, மூக்குக்குத் துணி கட்டிக்கிட்டு, நாந்தான் நின்னேன். பொழுது எறங்கறதுக்குள்ள வீசிருச்சு. குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டி, டாக்டரு சொன்னபடியே பொதைச்சோம். கட்டுத்தரைய நான் ஒருத்தியே கழுவுனேன்.

மறுநாள் ஒட்டன்சத்திரம் ஆஸ்பத்திரியில அந்தப் புள்ளைக்கு ரத்தம் பாத்தாங்க. ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு. ஆனா இப்பத்தான் தொட்டிருக்கறாங்க, மூணு வாரம் கழிச்சு மறுபடியும் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்னுட்டாங்க. சுட்டி எங்கூட்டுக்கே திரும்பி வந்துருச்சு. தோட்டத்து மூலையில தனியாக் கட்டியிருக்கோம். இனி ஊசி கெடையாது. எங்கூட்டுக்காரரு என்கூடப் பேசறதில்ல. பரவாயில்ல.

இன்னைக்குத்தான் அந்த மூணாவது வாரம். கூப்பிடாமயே போயி ஆஸ்பத்திரியில நின்னேன். பூபதி மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. நான் நகரல. ஒரு மணிக்குத் தாளு வந்துச்சு. ஒண்ணுமில்ல அம்மிணி! நோய் இல்ல! கொழந்தைக்கும் நல்லா இருக்குதாம். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு.

பஸ் ஸ்டேண்டு வரைக்கும் அவங்க பின்னாடியே வந்தேன். பூபதி வண்டி எடுக்கப் போனாரு. அந்தப் புள்ள ஒரு வார்த்தை பேசுவான்னு பாத்தேன். நான் வந்து சொல்லாம இருந்திருந்தா என்னாயிருக்கும், நீயே சொல்லு? அந்தத் தாளை நாலா மடிச்சுப் பையில வெச்சா. வெச்சுட்டு என்னை நேராப் பாத்தா. கோவமெல்லாம் இல்ல அந்தப் பார்வையில. நெசமாவே தெரிஞ்சுக்கோணும்னு கேக்கற மாதிரிக் கேட்டா.

"உங்க மருமகளுக்கு ஒம்போது நாள்ல பாத்துட்டீங்க. எனக்கு மட்டும் ஏனுங்கம்மா ரெண்டு மாசம்?"

"பயமா இருந்துச்சு சாமி"ன்னேன்.

அவ தலையாட்டுனா. வண்டி வந்துச்சு. ஏறிப் போயிட்டா.

பயமாத்தானே அம்மிணி இருந்துச்சு? நெசந்தானே அது? நீ ஏன் சன்னலுக்கு வெளிய பாக்கற? தாராபுரம் வர இன்னும் நேரமிருக்குது. ஏதாச்சும் சொல்லு.